திப்புவின் வாளும் பெருமுக்கல் மலையும்

எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஏலம் என்றால் ஏரி மீன் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் மகசூல், கல்குவாரி உரிமம், வங்கியில் மீட்கப்படாத நகை ஆகியவைதாம் நினைவுக்கு வரும். ஏலம் கேட்பவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். மரத்தில் எத்தனை மூட்டை புளி தேறும், ஏரியில் எவ்வளவு மீன் அகப்படும் என்று கணித்துத்தான் அவர் வாய் திறப்பார்.

2023 மே 23 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கும் அதிகம். அந்த வாளுக்கு நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்த உயர்ந்தபட்ச விலை 20 லட்சம் பவுண்டுதான். அதைப்போல் ஏழு மடங்கு கொடுத்து ஒருவர் வாங்கியிருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில், அதே தரத்தில் செய்யப்பட்ட, பெயரற்ற ஒரு வாளுக்கு இதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அப்படியானால் விலைபோனது இரும்பும் பொன்னும் அல்ல, ஒருவருடைய வாழ்க்கை. அந்த வாளுக்குரியவர் 1791 ஜனவரியில், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையைக் கைப்பற்றியவர். அவர்தான் திப்பு சுல்தான்.

திப்புவைக் கர்நாடகத்தின் மன்னராக மட்டுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவர் பிறந்தது பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில், 1750 நவம்பரில் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. ஆனால் அவருக்குப் பெயர் கிடைத்தது தமிழ்நாட்டிலிருந்து. ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற சூஃபி ஞானியின் நினைவாகவே குழந்தைக்கு அப்பெயர் இடப்பட்டது. தந்தை ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். மகனுக்கோ பாரசீகம் உள்ளிட்ட மொழிகளையும் மார்க்கக் கல்வியையும் போர்ப் பயிற்சியையும் குறைவறக் கொடுத்தார். 1767-இல், பதினேழு வயதை ஒட்டிய பருவத்தில், திப்பு ஒரு குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர்வரை வந்து கும்பினி அதிகாரிகளைக் கதிகலங்க வைத்தார்.

அவர் பெயர் இங்கிலாந்து வரை எட்டியது 1780 செப்டம்பரில். காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலும் அழிந்தது. ஆங்கிலேயர் ஆவணங்களில் இவ்வூர் பொள்ளிலூர் எனப்படும். இந்தியாவில் கும்பினி அதுவரை கண்டிராத தோல்வி அது. அவர்களின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததும், மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளும் அந்நாளின் முடிவைத் தீர்மானித்தன. சிறைப்பட்ட அதிகாரிகளுள் டேவிட் பேர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 44 மாதங்கள் விலங்குடன் கிடந்த அவர், இந்தக் கதையில் மீண்டும் வருவார். புள்ளலூர் வெற்றியைத் திப்பு தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதையொட்டிக் காகிதத்தில் வரையப்பட்ட ஓவியம் ஒன்று 2022-இல் லண்டனில் 6 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. புள்ளலூரைச் சென்று பார்த்த தமிழர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

பெருமுக்கல்லுக்கு வருவோம். அதிக உயரமில்லாத பாறைக் குன்று. மேலே முக்கியாசலேசுவரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், அவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முற்பட்ட பாறைக் கீறல்கள். திண்டிவனம், புதுச்சேரி, வந்தவாசி, செஞ்சி ஆகிய இடங்களுக்கிடையே படைகள் போகும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றதும் 1760 மார்ச்சில் அயர் கூட் அதைப் பிடித்தார். 1780-இல் ஹைதர் அதை முற்றுகையிட்டார். 1781 தொடக்கத்தில் கூட் வந்து முற்றுகையை நீக்கினார். 1782 மே மாதம் பிரெஞ்சுப் படையின் துணையோடு அது மைசூர் வசமாயிற்று. பிறகு மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. முப்பது ஆண்டுகளில் இத்தனை முறை கைமாறிய ஒரு மலையின் அடிவாரத்தில் நெல் விளைவித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹைதரின் படையெடுப்பு ஊர்களை எரித்தது, கால்நடைகளை ஓட்டிச் சென்றது, மக்களையும் மைசூருக்குக் கொண்டு போனது. கும்பினிப் படையும் சோற்றுக்கு நம் களஞ்சியங்களைத்தான் நம்பியிருந்தது. தொடர்ந்து 1782-83-இல் கொடிய பஞ்சம் வந்தது. திப்புவை வீரர் என்பவரும் கொடியவர் என்பவரும் தத்தம் கட்சிக்காக வாதாடும்போது, இந்த வடதமிழகத்து உழவர் இரு தரப்பாருக்கும் சாட்சியாக அழைக்கப்படுவதில்லை.

1782 டிசம்பர் 7-இல் சித்தூருக்கு அருகே ஹைதர் இறந்தபோது திப்பு மலபார்க் கரையில் போரிட்டுக்கொண்டிருந்தார். விரைந்து வந்து பொறுப்பேற்றார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையுடன் போர் ஓய்ந்தது. பேர்ட் விடுதலையானார்.

அடுத்து வந்த ஆறாண்டுகள்தாம் ஒரு பொருளாதார மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பவை. கும்பினியின் வலிமை பீரங்கியில் இல்லை, வணிகத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட இந்திய மன்னர் அநேகமாக அவர் ஒருவரே. மிளகு, சந்தனம், ஏலக்காய் ஆகியவற்றின் வாணிகத்தை அரசே ஏற்றது. மஸ்கட்டில் மைசூரின் வணிகக் கிடங்கு இயங்கியது. பட்டுப்புழு வளர்ப்பை ஊக்கினார். மைசூர்ப் பட்டின் பெருமைக்கு அதுவே அடித்தளம். இஸ்தான்புல்லுக்குத் தூதர்களை அனுப்பினார். பாரிஸுக்கு அனுப்பிய மூவரை 1788-இல் பதினாறாம் லூயி மன்னர் வரவேற்றார். பிரெஞ்சு அரசரிடம் அவர் படையை மட்டும் கேட்கவில்லை, கைவினைஞர்களையும் கேட்டார். புதிய நாள்காட்டி, புதிய அளவைகள், புதிய நாணயங்கள் என்று எதையும் பழையபடி விட்டுவைக்காத ஆவல் அவரிடம் இருந்தது. அரசு ஏகபோகத்தின் தீமைகளும் அதில் இருந்தன. தனி வணிகர் நலிந்தனர். ஆனாலும் சிந்தனையின் வீச்சை மறுக்க முடியாது.

குடகிலும் மலபாரிலும் அவர் பெயர் இன்றும் கசப்போடு உச்சரிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. அங்கே கிளர்ந்தவர்களைப் பெருங்கூட்டமாகச் சிறைப்பிடித்ததும் மதம் மாற்றியதும் கட்டுக்கதைகள் அல்ல. 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதைச் சீரமைக்கப் பொருள் அனுப்பி, மடாதிபதிக்கு மதிப்பு நிறைந்த கடிதங்கள் எழுதியவரும் இதே மனிதர்தான். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு எழுதப்படும் வரலாற்றை நான் படிப்பதில்லை.

மூன்றாம் மைசூர்ப் போர் 1790-இல் மூண்டது. ஆண்டின் இறுதியில் திப்பு மலையிலிருந்து இறங்கித் திருச்சிராப்பள்ளிப் பக்கம் வந்து, வடக்கே திரும்பினார். தியாகதுருகக் கோட்டை அவருக்குப் பணியவில்லை. திருவண்ணாமலை வீழ்ந்தது. அடுத்து 1791 ஜனவரியில் பெருமுக்கல்லும் வீழ்ந்தது. அங்கிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம். அதன் அருகே முகாமிட்டு, பிரெஞ்சு ஆளுநருடன் பேசி, ஆறாயிரம் வீரர்களை அனுப்புமாறு பதினாறாம் லூயிக்குத் தூது விடுத்தார். புரட்சியில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்த மன்னருக்குத் தம் தலையையே காக்க முடியவில்லை. பிறருக்கு எங்கே படை அனுப்புவது? உதவி வரவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் காரன்வாலிஸ் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஆம்பூர்க் கணவாய் வழியாக வருவதுபோல் போக்குக் காட்டி, வேறு கணவாயின் வழியே மைசூர்ச் சமவெளியை அடைந்துவிட்டார். மார்ச் 21-இல் பெங்களூர் வீழ்ந்தது. பெருமுக்கல்லில் கிடைத்த சிறு வெற்றியும் புதுச்சேரியில் வைத்த பெரிய நம்பிக்கையும் சேர்ந்து, திப்புவின் வாழ்வில் ஈடுசெய்ய முடியாத நாள்களை விழுங்கின என்றே கருதுகிறேன்.

மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாதி நாடு போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அது தீரும்வரை இரு மகன்கள் பிணை. சிறுவர்களான அவ்விருவரும் சென்னையில் வைக்கப்பட்டு 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினர். அவர்களைக் காரன்வாலிஸ் பெற்றுக்கொள்ளும் காட்சி லண்டனில் ஓவியமாகவும் அச்சுப்படமாகவும் விற்றுத் தீர்ந்தது. திப்பு என்ற பெயருக்குச் சந்தை உருவாகத் தொடங்கியது அவர் உயிரோடு இருக்கும்போதே என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1799 மே 4 பிற்பகலில் கோட்டை மதில் உடைந்தது. உள்ளே பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கியவர், அதே ஊரில் விலங்கோடு கிடந்த டேவிட் பேர்ட். வாயிலருகே பிணக்குவியலுக்குள் திப்புவின் உடல் அன்றிரவு கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் வரை நகரம் கொள்ளையிடப்பட்டது. ஆர்தர் வெல்லெஸ்லி பொறுப்பேற்றுச் சிலரைத் தூக்கிலிட்ட பிறகே அது ஓய்ந்தது.

பிறகு தொடங்கியது முறைப்படியான கொள்ளை. அதற்குப் பரிசுக் குழு என்று பெயர். கைப்பற்றிய செல்வத்தைக் கணக்கிட்டு, ஏலம் விட்டு, பதவிக்கேற்பப் பங்கிடுவது அதன் பணி. மொத்தம் 11 லட்சம் பவுண்டுக்கு மேல் தேறியது. தலைமைத் தளபதி ஹாரிஸ் எடுத்துக்கொண்ட பங்கு 1,42,902 பவுண்டு. சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குச் சுமார் 7 பவுண்டு. இந்தியச் சிப்பாய்க்குச் சுமார் 5 பவுண்டு. அதாவது சென்னைப் படையில் சேர்ந்து கோட்டைக்குள் புகுந்த தமிழ், தெலுங்குச் சிப்பாய் ஒருவர் பெற்றதைப்போல் 28 ஆயிரம் மடங்குக்கும் அதிகம் தளபதிக்குக் கிடைத்தது. ஏற்றத்தாழ்வு பற்றி வகுப்பில் பல அட்டவணைகளைக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஒன்று அவற்றில் இல்லை.

திப்புவின் பொன் சிம்மாசனமும் இந்தப் பங்கீட்டுக்குப் பலியானது. அதை முழுமையாக அரசருக்கு அனுப்பத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி விரும்பினார். அதற்குள் பரிசுக் குழுவினர் உடைத்துவிட்டனர். புலித்தலையும் ஹுமா பறவையும் இங்கிலாந்து அரச குடும்பத்திடம் உள்ளன. கைப்பிடிச் சுவரை அலங்கரித்த சிறு புலித்தலைகள் சிதறி, 2009-இலும் 2010-இலும் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. ஒரு வெள்ளையனைக் கடித்துக் குதறும் மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ராக்கெட்டுகள் வுல்விச் சென்று காங்கிரீவ் ராக்கெட்டுக்கு முன்மாதிரியாயின. ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் கொண்ட நூலகமும், திப்பு தம் கைப்பட முப்பத்தேழு கனவுகளைக் குறித்து வைத்திருந்த ஏடும் கும்பினிக்குப் போயின. அந்த மனிதரின் உள்ளம் இருப்பது அந்த ஏட்டில்தான் என்பேன். ஏலச் சந்தையோ வாளைத்தான் தேடுகிறது.

குடும்பத்தினர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூரின் புலிக்கொடியை ஏற்றிய பிறகு, திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர். வேலூரில் அவர்கள் உறவினரின் கல்லறைகள் எஞ்சின.

இனிச் சந்தை. திப்புவின் படுக்கையறையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வாள், படையினரின் பரிசாக டேவிட் பேர்டிடம் அளிக்கப்பட்டது. 140 கோடிக்கு விற்றது அதுதான். 2003-இல் லண்டன் ஏலத்தில் விஜய் மல்லையா திப்புவின் வாள் ஒன்றைச் சுமார் 1.75 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். 2014-இல், திப்புவின் விரலிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட, தேவநாகரியில் ராம் என்று பொறித்த பொன் மோதிரம் 1.45 லட்சம் பவுண்டுக்குப் போனது. 2015-இல் முப்பது பொருள்கள் 60 லட்சம் பவுண்டைத் தாண்டின. 2019-இல் கும்பினி அதிகாரி ஒருவரின் வழிவந்த குடும்பத்தின் பரணில் கிடைத்த எட்டுப் பொருள்கள் 1.07 லட்சம் பவுண்டு ஈட்டின.

இவற்றில் விலையை நிர்ணயிப்பது கைமாறிய வரலாற்றைக் காட்டும் காகிதம். யார் எடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்தக் குடும்பத்தில் இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தால் விலை ஏறும். கொள்ளையடித்ததற்கான சான்றே உரிமைச் சான்றாகவும் மேன்மைச் சான்றாகவும் மாறுவது இந்தச் சந்தையின் விந்தை. ஒரு காலத்தில் பொருளைப் பறிகொடுத்தவரின் தரப்பிலிருந்து எந்தக் காகிதமும் கேட்கப்படுவதில்லை.

ஒவ்வோர் ஏலத்தின்போதும் நம் அரசு இதை வாங்கி மீட்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. சட்டம் நமக்குப் பெரிதாகத் துணை வராது. 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்பாடு முன்தேதியிட்டுச் செல்லுபடியாகாது. நம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நாட்டிலிருந்து வெளியே போவதைத் தடுக்கிறது. 1799-இல் போனதை அது தொடுவதில்லை. எஞ்சுவது ஏலத்தில் கேட்பது. மகாராஷ்டிர அரசு 2025-இல் ரகுஜி போன்ஸ்லேயின் வாளை லண்டன் ஏலத்தில் சுமார் 47 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தது. அது நியாயமான விலை. ஆரவாரமின்றி இடையாள் ஒருவர் மூலம் காரியம் முடிந்தது.

ஆனால் திப்பு போன்ற பெயருக்கு அது பொருந்தாது. எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று அமெரிக்கப் பொறியாளர்கள் 1971-இல் ஒன்றைக் காட்டினர். பொருளின் உண்மை மதிப்பு எவருக்கும் துல்லியமாகத் தெரியாதபோது, அதை மிக அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார். எனவே வென்றவர் பெரும்பாலும் நட்டப்படுகிறார். இதை வென்றவரின் சாபம் என்பார்கள். தேசப் பெருமையின் பெயரால் ஓர் அரசு எந்த விலைக்கும் வாங்கும் என்று தெரிந்துவிட்டால், விற்பவர் அடுத்த பொருளைப் பரணிலிருந்து இறக்குவார். நம் வரிப்பணம், கொள்ளையில் பங்கு பெற்றவரின் கொள்ளுப்பேரனுக்கு இரண்டாவது பரிசுத்தொகையாகப் போய்ச் சேரும். 140 கோடி ரூபாய் கொடுத்து அந்த வாளை வாங்கியிருக்க வேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை. தனியார் தம் பணத்தில் வாங்கிக் கொண்டுவருவதை வரவேற்கலாம். அரசின் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், தூர்ந்துபோன ஒரு கிணற்றைத் தோண்டியபோது திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. யாரும் ஏலம் கேட்கவில்லை. அவை அரசுக்கு வந்தன. தோண்டிய கூலி மட்டுமே செலவு. பெருமுக்கல், தியாகதுருகம், புள்ளலூர், கருங்குழி என்று அந்தப் போர்கள் நடந்த நம் ஊர்களில் முறையாகத் தேடினால் கிடைக்கக்கூடியவற்றைப் பற்றி எவரும் கணக்கே போடவில்லை. பெருமுக்கல் கோட்டையின் மதில்கள் இடிந்து புதர் மண்டிக் கிடக்கின்றன. கல் உடைக்கும் தொழில் செழித்திருக்கும் வட்டாரத்தில் ஒரு மலைக்கு அதன் வரலாறே காவல்; அந்த வரலாற்றை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஏலத்தில்தான் ஏதேனும் வாங்கியாக வேண்டும் என்றால் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்காகக் கும்பினி ஒரு பதக்கம் வெளியிட்டது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை அடித்து வீழ்த்துகிறது. அதையும் பதவிப்படியே கொடுத்தார்கள். உயர்ந்தோருக்குப் பொன், பிறகு பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் சிப்பாய்க்கு ஈயம். அந்த ஈயப் பதக்கங்கள் இன்றும் லண்டன் ஏலங்களில் அவ்வப்போது வருகின்றன. சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். 5 பவுண்டு பங்கோடு வீடு திரும்பிய ஏதோ ஒரு சென்னைப் படைச் சிப்பாயின் கழுத்தில் தொங்கியது அது. அதை வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்க அமைச்சரவைக் கூட்டமெல்லாம் தேவைப்படாது.